கிறிஸ்துமஸ் மரத்துக்கு மூன்று நிறங்கள் போதும்

பாளையங்கோட்டை வீடுகளில் சவுக்குக் கிளையை மணல் நிரப்பிய வாளியில் நட்டாலும், கடையில் வாங்கிய பிளாஸ்டிக் மரத்தை விரித்தாலும், கையில் கிடைத்ததையெல்லாம் தொங்கவிடுவதற்கு முன்பு நிறங்களை முடிவு செய்துகொள்ளுங்கள். சிவப்பு முதன்மையாகவும், பொன்னிறம் துணையாகவும், மணப்பாட்டுப் பனையோலைப் பின்னலின் வெளிர்மஞ்சள் ஆங்காங்கேயும் அமைந்தால் பச்சைக்கு எடுப்பாக இருக்கும்.

முதலில் சீரியல் விளக்குகளை எரியவிட்டுச் சரிபார்த்து, தண்டை ஒட்டி உள்ளிருந்து வெளியே சுற்றுங்கள். பொன்னிறத்தோடு இளமஞ்சள் ஒளியே இசையும். பெரிய பந்துகளைக் கிளையின் உட்புறத்தில் மாட்டுங்கள். சவுக்கின் மெல்லிய நுனி கண்ணாடிப் பந்தின் கனத்துக்குத் தொய்ந்துவிடும் என்பதால், அங்கே ஓலை நட்சத்திரமே தங்கும். பிறகு நாலடி தள்ளி நின்று கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். சிவப்பு திட்டாகத் தெரியுமிடத்தில் ஒரு பந்தை இடம் மாற்றுங்கள். உச்சி நட்சத்திரம் கடைசியில்தான். போன வருடத்து நீலப் பந்துகள், எவ்வளவு அழகாயிருந்தாலும், பெட்டியிலேயே இருக்கட்டும்.