இரண்டு விமான நிலையங்களுக்கு இடையே தூரமும் பறக்கும் நேரமும்: நாமே கணக்குப் போடுவது எப்படி?

சாலைத் தூரத்தை வைத்து விமானப் பயணத்தைக் கணிக்க முடியாது. பூமியின் வளைந்த பரப்பில் இரு புள்ளிகளை இணைக்கும் மிகக் குறுகிய வழி, அதாவது பெருவட்டத் தூரம் வேண்டும். சில நூறு கிலோமீட்டர் வழித்தடம் என்றால் ஒரு கால்குலேட்டர் போதும்.

படி 1: இரு நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகையை எடுங்கள். ஊருக்கு உரியதை எடுத்துவிடாதீர்கள். நிலையம் ஊரைவிட்டு 20, 30 கிலோமீட்டர் தள்ளியும் இருக்கும். ஒரே பெயரில் பல ஊர்கள் உண்டு என்பதால், ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் உரிய நான்கெழுத்து ஐகாவோ (ICAO) குறியீட்டைக் கொண்டு தேடுவது நல்லது.

படி 2: டிகிரிக்குப் பின் வரும் நிமிடத்தை (டிகிரியில் 60-இல் ஒரு பங்கு) 60-ஆல் வகுத்துத் தசமமாக்குங்கள். 46 டிகிரி 30 நிமிடம் என்பது 46.5. அட்சரேகையில் ஒரு நிமிடம் ஏறக்குறைய ஒரு கடல் மைல் (1.852 கிலோமீட்டர்); எனவே அதை 46.30 என்று எழுதினால் 12 கடல் மைல், கிட்டத்தட்ட 22 கிலோமீட்டர் பிசகும். புதியவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இதுதான்.

படி 3: தூரம். முதல் நிலையம் வடக்கு 44.0, கிழக்கு 10.0, இரண்டாவது வடக்கு 46.5, கிழக்கு 12.0 என்று வையுங்கள். அட்சரேகை வித்தியாசம் 2.5 × 60 = 150 கடல் மைல். தீர்க்கரேகை வித்தியாசம் 2 × 60 = 120; ஆனால் துருவத்தை நோக்கிப் போகப்போகத் தீர்க்கரேகைகள் நெருங்குவதால், சராசரி அட்சரேகையான 45.25-இன் கொசைனால் (0.704) பெருக்க வேண்டும்: 84.5. இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 172 கடல் மைல். 1.852-ஆல் பெருக்கினால் சுமார் 319 கிலோமீட்டர். கொசைனை மறந்தால் 192 கடல் மைல் வரும். விடை விபரீதமாக வந்தால், கால்குலேட்டர் கோணத்தை டிகிரிக்குப் பதில் ரேடியனில் எடுக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு இந்தக் குறுக்குவழி உதவாது. பூமியின் வளைவைக் கணக்கில் எடுக்கும் ஹாவர்சைன் சூத்திரம் வேண்டும்.

படி 4: நேரம். தூரத்தை வேகத்தால் வகுத்தால் முடிந்தது என்று நினைக்க வேண்டாம்; குறுகிய தடத்தில் அந்த விடை எப்போதும் குறைவாகவே வரும். வான்வழிகள் நேர்கோடாக இருப்பதில்லை என்பதால் 5 முதல் 10 சதவீதம் கூட்டுங்கள்: சுமார் 185 கடல் மைல். ஏடிஆர் 72 போன்ற டர்போபிராப் (சுழல்விசிறி) விமானம் சுமார் 275 நாட் (மணிக்கு 275 கடல் மைல்) வேகத்தில் போகும். 40 நிமிடம் ஆகும். ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவு, அதற்கு 10 நிமிடம். ஓடுபாதைக்குப் போகவும் வரவும் 15. ஆக 1 மணி 5 நிமிடம். அட்டவணையில் பார்ப்பது இந்த முழு நேரத்தைத்தான். ஜெட் விமானம் வந்தாலும் இவ்வளவு குட்டித் தடத்தில் பெரிய மிச்சம் இல்லை. முழு வேகத்தை எட்டியதுமே இறங்கத் தொடங்கிவிடும்.

காற்றையும் சேருங்கள். 30 நாட் எதிர்காற்றில் அந்த 40 நிமிடம் 45 ஆகும், பின்காற்றில் 36. அட்டவணையில் போக ஒரு நேரம், திரும்ப வேறு நேரம் போட்டிருந்தால் காற்று ஒரு காரணம்.

அட்டவணையில் புறப்பாடும் வருகையும் அந்தந்த ஊர் நேரத்தில் இருக்கும். நேர மண்டலம் மாறும் தடமானால், கழிப்பதற்கு முன் இரண்டையும் உலகப் பொது நேரமான யூடிசி (UTC) நேரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.