உமலுக்குள்ள இருக்கிற மாம்பழமும் நிகழ்தகவும்

சாதாரண தரக் கணிதம் செய்யிற பிள்ளைகள் அடிக்கடி சறுக்குற இடம், எடுத்ததைத் திருப்பி வைக்காமல் எடுக்கிற நிகழ்தகவுக் கணக்கு. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில வாங்கின உமலுக்குள்ள (ஓலைப்பை) இரண்டு வகை மாம்பழம், 7 கறுத்தக்கொழும்பானும் 5 விலாட்டும் கிடக்குது எண்டு வையுங்கோ. பார்க்காமல் ஒண்டு எடுக்கிறீங்கள். திருப்பி வைக்காமல் இன்னொண்டு. (கை வைச்சாலே எது கறுத்தக்கொழும்பான் எண்டு எங்கட ஆக்களுக்குத் தெரியும். கணக்குக்காக அதை மறந்துவிடுங்கோ.)

இரண்டும் கறுத்தக்கொழும்பானாக வர நிகழ்தகவு என்ன? முதலாவதுக்கு 7/12. இப்ப உமலில 11 தான் மிச்சம், அதில கறுத்தக்கொழும்பான் 6. ஆகவே 7/12 × 6/11 = 42/132, அதாவது 7/22. பழக்கதோஷத்தில திரும்பவும் 7/12 ஆல் பெருக்கினால் 49/144 வரும். அது பழத்தைத் திருப்பி வைச்சு எடுக்கிற கணக்கு.

பகுதி எண் ஒவ்வொரு தடவையும் ஒண்டால குறையும். தொகுதி எண்ணோ, எடுத்த வகையையே திரும்ப எடுத்தால் மட்டும் குறையும். வகைக்கு ஒண்டு எண்டு கேட்டால் இரண்டு ஒழுங்கையும் கூட்டவேணும்: 7/12 × 5/11, பிறகு 5/12 × 7/11. மொத்தம் 70/132. கன பேர் ஒரு ஒழுங்கோட நிண்டு புள்ளியை விடுகினம்.

மர வரிப்படத்தில (ஒவ்வொரு எடுப்பையும் கிளை கிளையாகப் பிரிச்சுக் காட்டுற படம்) கடைசிப் பெருக்கங்களைச் சுருக்காமல் விட்டால் சரிபார்க்க லேசு. நாலு கிளையின்ர தொகுதி எண்களையும் கூட்டினால் பகுதி எண் வரவேணும் (கடைசிக் கிளை, இரண்டும் விலாட்: 5/12 × 4/11 = 20/132): 42 + 35 + 35 + 20 = 132. “குறைந்தது ஒரு விலாட்” எண்டால் மூண்டு கிளை தேவையில்லை; 1 − 7/22 = 15/22.

இரண்டையும் ஒரே தரத்தில அள்ளி எடுத்தாலும் இதே விடைதான்.