புது மாத்திரை ஒத்துக்கலைன்னா உடனே என்ன செய்யணும்?

குறுவை அறுப்பு நேரம். மன்னார்குடி பக்கம் எங்க பெரியம்மாவுக்கு முகத்துல நரம்பு வலின்னு கார்பமசெபின் எழுதிக் குடுத்தாங்க, ரெண்டு வாரம் கழிச்சு காய்ச்சல், கண் எரிச்சல், மார்ல செவப்பு செவப்பா தடம், பாத்தவங்க எல்லாம் அம்மைதான்னு சொல்லி வாசல்ல வேப்பிலை சொருகி வலங்கைமான் மாரியம்மனுக்கு காசு முடிஞ்சு வச்சுட்டாங்க. மாத்திரைய யாரும் நிறுத்தல. மூணாம் நாள் ஒதடு வெந்து கஞ்சி எறங்கல, தலகாணி உறையில தோல் ஒட்டிக்கிட்டு வந்துச்சு. தஞ்சாவூருக்கு தூக்கிட்டு ஓடினோம், பொழச்சுட்டாங்க.

மருந்து ஒத்துக்காம போறதுல மொதல்ல, வேகமா வர்றது. ஊசி போட்டோ மாத்திரை போட்டோ சில நிமிஷத்துலயிருந்து ஒரு மணி நேரத்துக்குள்ள ஒடம்பெல்லாம் தடிப்பு, நாக்கு வீக்கம், குரல் கம்முறது, வீசிங், தலைசுத்தி வேர்க்குறது. தடிப்பே இல்லாமலும் வரும். உடனே 108. மல்லாக்க படுக்க வச்சு கால தூக்கி வைங்க, மூச்சு திணறுனா கால நீட்டி ஒக்காரலாம், வாந்தி எடுத்தா ஒருக்களிச்சு. எழுப்பி நடக்க வைக்காதீங்க, பைக்ல நடுவுல ஒக்கார வச்சு கொண்டு போகாதீங்க, திடீர்னு பிரஷர் எறங்கி உயிரே போயிடும். இதுக்கு மருந்து தொடையில போடுற அட்ரினலின் ஊசி, பெரியவங்களுக்கு 0.5 மில்லிகிராம், கேக்கலைன்னா 5 நிமிஷத்துல இன்னொண்ணு. அலர்ஜிக்கு போடுற அவில் மட்டும் போட்டா பத்தாது. சரியான பிறகும் திரும்ப வரலாம், அதனால சில மணி நேரமாவது ஆஸ்பத்திரியிலயே இருங்க.

அடுத்தது மெதுவா வர்றது, பெரியம்மாவுக்கு வந்தது இதுதான், ஸ்டீவன்ஸ் ஜான்சன்னு பேரு. பெரும்பாலும் புது மாத்திரை ஆரம்பிச்ச 8 வாரத்துக்குள்ள வரும். வலிப்பு மாத்திரை (கார்பமசெபின், ஃபெனிடாயின் மாதிரி), யூரிக் ஆசிடுக்கு குடுக்குற அலோபியூரினால், சல்ஃபா மாத்திரை இதுலெல்லாம் அதிகம். காய்ச்சலோட வாய்ப்புண்ணு, கண் செவக்குறது, தொட்டாலே வலிக்கிற தடம், கொப்பளம்னா அடுத்த வேளை மாத்திரைய போடாம அன்னிக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு போங்க. வேப்பிலை சொருகுங்க, வேண்டிக்கோங்க, தப்பே இல்ல, ஆனா அம்மையா மருந்தான்னு வீட்ல வச்சு கண்டுபிடிக்க முடியாதுங்க.

கடைசியா மாத்திரை பேரு. மெடிக்கல்ல நாலு மாத்திரைய கத்தரிச்சு கவர்ல போட்டுத் தர்றப்ப பேரு பாதியோட போயிடுது. முழு அட்டைய போட்டோ எடுத்துக்கோங்க, கம்பெனி பேரு மாறினாலும் உள்ள இருக்குற மருந்து ஒண்ணுதான், அந்த மருந்து பேரை எழுதி வைங்க. பெரியம்மா சுருக்குப்பையில வெத்தலையோட ஒரு லேமினேஷன் சீட்டு இருக்கு: கார்பமசெபின் ஆகாது, ஃபெனிடாயினும் குடுக்காதீங்க. ஊசி போடப் போனா டோக்கன் வாங்குறதுக்கு முன்னாடியே அதைத்தான் எடுத்து நீட்டுவாங்க.