எழுத்து தெரியும், புத்தகம்தான் பிடிக்காது: பெங்களூர்த் தமிழ் வீடுகளில் தவிர்க்க வேண்டியவை

பள்ளியில் ஆங்கிலமும் கன்னடமும், சில இடங்களில் இந்தியும். தமிழ் வீட்டோடு சரி. அதனால் கோடை விடுமுறையில் அரிச்சுவடியை எடுத்து, 247 எழுத்தும் வந்ததும் பிள்ளை கையில் கதைப் புத்தகத்தைத் திணித்துவிடுகிறோம். பெரும்பாலும் வாசிப்பு கசந்துபோவது இங்கேதான்.

‘தம்பி’யைத் ‘தம்ப்பி’ என்றும், ‘பகல்’ என்பதைப் ‘பக்கல்’ என்றும் பிள்ளை படிக்கும். கன்னடத்தில் ககர ஒலிகளுக்கு நான்கு தனி எழுத்துகள்; தமிழில் ‘கல்’, ‘பகல்’, ‘தங்கம்’ எல்லாவற்றுக்கும் ஒரே ‘க’. காதில் ஏற்கெனவே விழுந்த சொல்லாக இருந்தால் உச்சரிப்பு தானாகத் திருந்தும். இன்னொரு சிக்கல், வீட்டில் ‘போயிட்டிருந்தாங்க’, புத்தகத்தில் ‘போய்க்கொண்டிருந்தார்கள்’. 12 எழுத்தையும் கூட்டிப் படித்த பிறகும் அது தனக்குத் தெரிந்த சொல்தான் என்று பிள்ளைக்கு உறைக்காது.

ஆகவே முதலில் காது, பிறகு கண். இரவில் பத்துப் பதினைந்து நிமிடம், வரிக்குக் கீழே விரலை ஓட்டியபடி நீங்கள் வாசியுங்கள். ஒரே புத்தகம் நாலைந்து இரவு ஓடட்டும். வரியின் பாதியில் நிறுத்தினால் மீதியைப் பிள்ளையே சொல்லத் தொடங்கும். பாவம், புரியாதே என்று வாசிக்கும்போதே பேச்சுத்தமிழுக்கு மாற்றிவிடாதீர்கள். எழுதியதை எழுதியபடி வாசித்து, வேண்டுமானால் பிறகு பேச்சில் சொல்லுங்கள். தானே படிக்கத் தொடங்கியதும் வாசித்துக் காட்டுவதை நிறுத்துவதும் தவறு.

புத்தகம் ஏன் வேண்டும், வீட்டில்தான் தமிழ் பேசுகிறோமே? ஹேய்ஸ், ஆரன்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1988இல் ஆங்கிலத்தில் எண்ணிப் பார்த்தார்கள். அரிய சொற்கள், சிறுவர் புத்தகங்களில் ஆயிரம் சொல்லுக்குச் சுமார் 31. கல்லூரி படித்த பெரியவர்களின் உரையாடலில் சுமார் 17தான். நம் வீட்டுப் பேச்சோ ‘குளி, சாப்பிடு, பேக் எடு’ என்பதைத் தாண்டுவது அபூர்வம். அடுக்குமாடிக் குடியிருப்பில் வளரும் பிள்ளைக்கு வரப்பும் வைக்கோல் போரும் பக்கங்களில்தான் கிடைக்கும்.

அதற்காக வரிக்கு வரி அர்த்தம் கேட்கக் கூடாது. கதை அறுந்துபோகும். தெரியாத சொல்லுக்கு ஒரு மூச்சில் பொருள் சொல்லிவிட்டு நகருங்கள். ஒரு பக்கத்தில் ஐந்து சொல் தடுக்கினால் அது இப்போதைக்கு நீங்கள் வாசித்துக் காட்ட வேண்டிய புத்தகம்.

ஆங்கிலத்தில் தடித் தடியாகப் படிக்கும் ஒன்பது வயதுக்காரரிடம் ‘அணில், ஆடு’ புத்தகம் நீட்டினால் அவமானமாக இருக்கும். விடுகதை, ஜோக்கு, காமிக்ஸ், கிரிக்கெட் துணுக்கு என்று மொழி எளிதாகவும் விஷயம் வயதுக்கு ஏற்றதாகவும் இருப்பவை சரிப்படும். படித்ததையே பத்து முறை படித்தாலும் விடுங்கள். புத்தகத்துக்கு இத்தனை ரூபாய் என்று பரிசு வைத்தால், ஒல்லியான புத்தகமாகப் பார்த்து எடுப்பார்கள். பிள்ளைகள் கணக்கில் கெட்டி.

பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசம். முதல் நிலையிலிருந்து தொடங்குங்கள். போனில் மட்டும் வேண்டாம், எழுத்து சுருங்கி விரல் வைக்க இடமிருக்காது. பிரிண்ட் எடுங்கள், இல்லையென்றால் லேப்டாப்பில் பெரிதாக்குங்கள்.