உள்துணி காட்டிய வழி

ஓர் அட்டைப்பட ஓவியத்தில் சிவப்பும் பச்சையும் மோதிக்கொண்டே இருந்தன. மூன்று முறை மாற்றியும் கண் கூசியது. ஜப்பானின் ஹெய்யான் காலத்து (794–1185) அரசவைப் பெண்கள் அடுக்கடுக்காக உடுத்திய பட்டாடைகள்தான் கைகொடுத்தன. அந்த நிறச் சேர்க்கைக்குக் ‘கசானே நோ இரோமே’ என்று பெயர். மேலே வெள்ளை, உள்ளே சிவப்பு என்றால் ‘சகுரா’. மெல்லிய பட்டின் வழியே சிவப்பு கசிந்து செர்ரிப்பூவின் நிறம் தோன்றும். எவ்வளவு நுட்பமான கண் அவர்களுக்கு! வெள்ளைக்கு அடியில் பச்சை என்றால் ‘யனகி’, அதாவது வில்லோ மரம். உள்ளடுக்குகள் கைமுனையிலும் ஓரங்களிலும்தான் எட்டிப்பார்க்கும்.

என் படத்தில் இரண்டு நிறங்களுக்கும் சம இடம் கொடுத்ததுதான் கோளாறு. பச்சையில் நீர் கலந்து வெளிறவைத்தேன். சிவப்பை விளிம்பில் விரற்கடை அகலத்துக்குச் சுருக்கினேன். அன்று மாலையே படம் அச்சுக்குப் போனது.