வேற வேற சைஸ் ஹார்ட் டிஸ்க்க ஒரே ஸ்டோரேஜா சேக்குறது எப்படி

ஹோம் சர்வர் வச்சிருக்கவங்க யாரும் ஒரே நாள்ல ஒரே சைஸ்ல நாலு டிஸ்க் வாங்குறதில்ல, ஆஃபர் வர்றப்ப ஒண்ணு, பழைய பிசில இருந்து கழட்டுனது ஒண்ணுன்னு சேரும். ரெண்டு 8 டிபி, ரெண்டு 4 டிபி இருக்குன்னு வைங்க. ரெய்டு 5 (டிஸ்க் எல்லாத்தையும் ஒண்ணாக் கட்டுற முறை) போட்டா எல்லா டிஸ்க்குலயும் 4 டிபிதான் எடுத்துக்கும், அதுல ஒரு டிஸ்க் அளவு பேரிட்டிக்கு (ஒரு டிஸ்க் போனா அதுல இருந்தத திரும்பக் கணக்குப் போட்டு எடுக்க வைக்கிற தகவல்) போக கைக்கு வர்றது 12. அதுவே மெர்ஜர்எஃப்எஸ் (எல்லா டிஸ்க்கையும் ஒரே ஃபோல்டரா காட்டுற சாஃப்ட்வேர்), ஸ்னாப்ரெய்டு (பேரிட்டி கணக்குப் போட்டு வைக்கிற சாஃப்ட்வேர்) ரெண்டையும் போட்டா ஒரு 8 டிபி பேரிட்டிக்குப் போக மிச்ச 16 டிபியும் உங்களுக்குத்தான். இன்னொரு லாபம், ஒவ்வொரு ஃபைலும் ஏதோ ஒரு டிஸ்க்குல முழுசா இருக்கும், ஒரு டிஸ்க் போனாலும் மத்தத கழட்டி எந்த லினக்ஸ் மெஷின்ல மாட்டுனாலும் படிக்கலாம். சினிமா, போட்டோ மாதிரி அடிக்கடி மாறாத ஃபைலுக்குத்தான் இது, டேட்டாபேஸ எஸ்எஸ்டிலயே வைங்க.

டிஸ்க்க ஃபார்மேட் பண்ண ஈஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டம் போதும். ஆனா அது ரூட்டுக்குன்னு (அட்மின் யூசர்) 5% ஒதுக்கி வச்சுக்கும், 8 டிபில அது 400 ஜிபி! ஃபார்மேட் பண்றப்பவே மைனஸ் எம் ஜீரோ (-m 0) குடுத்துடுங்க. பேரிட்டி டிஸ்க் 18 டிபி, அதுக்கு மேலன்னா அதுக்கு மட்டும் எக்ஸ்எஃப்எஸ் போடுங்க, ஏன்னா பேரிட்டி சாதாரணமா ஒரே பெரிய ஃபைலாத்தான் இருக்கும், ஈஎக்ஸ்டி4ல ஒரு ஃபைல் 16 டிபி வாக்குலதான் இருக்க முடியும்.

ரொம்ப கவனமா இருக்க வேண்டிய இடம் மவுண்ட், அதாவது டிஸ்க்க ஒரு ஃபோல்டர்ல இணைக்கிறது. லினக்ஸ் டிஸ்க்குக்கு குடுக்கற எஸ்டிஏ, எஸ்டிபின்னு பேர் போட்டு வைக்காதீங்க, ரீபூட்ல மாறிடும், எஃப்எஸ்டேப்ல (எத எங்க மவுண்ட் பண்ணணும்னு எழுதி வைக்கிற ஃபைல்) யூயுஐடிதான் (மாறாத அடையாள எண்) போடணும், கூடவே நோஃபெயில் (டிஸ்க் இல்லன்னாலும் பூட் நிக்காம இருக்க). அப்புறம் மவுண்ட் பண்றதுக்கு முன்னாடி அந்த காலி ஃபோல்டருக்கு சிஎச்ஆட்டர் பிளஸ் ஐ (chattr +i) குடுத்து பூட்டிடுங்க, ஏன்னா ஒருநாள் டிஸ்க் மவுண்ட் ஆகலன்னா வர்ற டவுன்லோட் எல்லாம் அந்த காலி ஃபோல்டர்ல, அதாவது உங்க ஓஎஸ் இருக்க எஸ்எஸ்டில போய் விழுந்து அது நிரம்பி சர்வரே படுத்துடும், பூட்டி வச்சா எழுதவே விடாது.

மெர்ஜர்எஃப்எஸ்ல கிரியேட் பாலிசிக்கு (புது ஃபைல எந்த டிஸ்க்குல போடணுங்கற விதி) என் சாய்ஸ் எம்எஃப்எஸ், எந்த டிஸ்க்குல இடம் அதிகமோ அங்க போடும். ஒரு சீரியலோட எபிசோடுங்க ரெண்டு மூணு டிஸ்க்குல பிரிஞ்சு கிடக்கும்தான், ஆனா ஃபோல்டர் இருக்க டிஸ்க்குலயே போடுற பாலிசில அந்த டிஸ்க் நிரம்புனா, மத்ததுல இடம் இருந்தும் டிஸ்க் ஃபுல்னு எரர் வரும்.

ஸ்னாப்ரெய்டுல பேரிட்டி டிஸ்க், இருக்கறதுலயே பெரிய டேட்டா டிஸ்க்குக்கு சமமா இல்ல அதவிட பெருசா இருக்கணும். கன்டென்ட் ஃபைல (எந்த ஃபைல் எங்க இருக்குங்கற ஸ்னாப்ரெய்டோட பட்டியல்) ரெண்டு மூணு டிஸ்க்குல வைங்க. ராத்திரி சிங்க் (பேரிட்டிய புதுசாக்குறது), வாரம் ஒரு ஸ்க்ரப் (டேட்டா கெட்டிருக்கான்னு பாக்குறது, ஸ்க்ரப் ஒரு தடவைக்கு 8%தான் பாக்கும், முழுசா சுத்தி வர மூணு மாசம் ஆகும்). சிங்க்குக்கு முன்னாடி டிஃப் (என்னென்ன மாறிருக்குன்னு காட்டுறது) கட்டாயம் ஓட்டுங்க. தெரியாம ஃபோல்டர் அழிஞ்சிருந்தா சிங்க் ஆகறதுக்குள்ள ஃபிக்ஸ் குடுத்து மீட்டுடலாம், சிங்க் முடிஞ்சிட்டா அவ்ளோதான், அதனால அழிஞ்ச ஃபைல் ஐம்பதுக்கு மேல இருந்தா நிறுத்திடுன்னு ஸ்க்ரிப்ட்லயே எழுதிடுங்க. கடைசி சிங்க்குக்கு அப்புறம் வந்த ஃபைலுக்கு பாதுகாப்பு கிடையாது. குடும்ப போட்டோவுக்கு வீட்டுக்கு வெளிய தனியா ஒரு காப்பி வேணும், பேரிட்டி பேக்கப் ஆகாது.

மாசம் ஒருக்கா ஸ்மார்ட்சிடிஎல் (டிஸ்க்கோட ஆரோக்கியத்த காட்டுற கமாண்ட்) பாருங்க. அதுல 197ம் நம்பர், அதாவது பெண்டிங் செக்டர் (படிக்க முடியாம நிக்கிற இடம்) ஏறிட்டே போனா புது டிஸ்க் ஆர்டர் பண்ணிடுங்க, 199, அதாவது கேபிள் வழியா டேட்டா போறப்ப வர்ற சிஆர்சி எரர் மட்டும் ஏறுனா பெரும்பாலும் சாட்டா கேபிள்தான், அத மாத்திப் பாத்துட்டு அப்புறம் டிஸ்க்க சந்தேகப்படுங்க.