அம்மாவோடு உட்கார்ந்து சீரியல் பார்ப்பது எப்படி

கோலாலம்பூரிலோ ஷா ஆலாமிலோ வேலை பார்த்துக்கொண்டு, மாதத்துக்கு ஒரு தடவை சுங்கை சிப்புட் மாதிரியான தோட்டத்து ஊருக்கு வந்துபோகிறவர்களுக்கு இது. வருவீர்கள், பசியாறுவீர்கள், மத்தியானம் தூங்குவீர்கள், சாயங்காலம் கூட்டாளிகளோடு தே தாரிக் குடிக்கப் போய்விடுவீர்கள். ராத்திரி திரும்பினால் அம்மா டிவி முன்னால் இருப்பார். "இந்தக் குப்பையை எப்படித்தான் பார்க்கிறீங்களோ" என்று சொல்லிவிட்டுப் போனோடு அறைக்குள் போவதுதான் வழக்கம். முதலில் அந்த வார்த்தையை விடுங்கள்.

யாருக்கு யார் என்ன உறவு என்று கொஞ்சம் தெரிந்துகொண்டு உட்காருங்கள். அம்மாவிடமே கேட்கலாம், ஆனால் விளம்பர நேரத்தில். கதை ஓடும்போது கேட்டால் "பாரு, தெரியும்" என்பதோடு சரி. ஆரம்பத்தில் முந்தைய நாள் கதையைத்தான் மறுபடி காட்டுவார்கள், அதனால் கொஞ்சம் தாமதமாக வந்தாலும் மோசமில்லை. கடைசி ஒரு நிமிடம் மட்டும் வாயைத் திறக்கவே கூடாது: யாரோ கதவைத் திறப்பார், இசை அதிரும், ஒவ்வொரு முகமாகக் கிட்டே காட்டி அப்படியே நிறுத்துவார்கள். நேற்று வரை இருந்த மாமியார் இன்று வேறு முகத்தோடு வந்தால் பதற வேண்டாம், கீழே 'இவருக்குப் பதில் இவர்' என்று போட்டிருப்பார்கள். வீட்டில் தைலம் மாற்றி வாங்கினாலே ஒரு மாதம் குறை சொல்கிற அம்மா, இதை மட்டும் ஒரே நாளில் ஏற்றுக்கொள்வார்.

கதை ஏன் இப்படி இழுக்கிறது என்று எரிச்சல் வரும். சென்னை சீரியலின் தலையெழுத்தை எழுதுவது டிஆர்பி. இந்தியாவில் பார்க் என்ற அமைப்பு, தேர்ந்தெடுத்த வீடுகளில் மீட்டர் வைத்து யார் எதைப் பார்க்கிறார்கள் என்று கணக்கெடுத்து வாராவாரம் வெளியிடுகிறது. எண் ஏறினால் கல்யாணம் தள்ளிப்போகும், இறங்கினால் திடீரென்று ஒருவர் செத்துப்போவார், இல்லாவிட்டால் இரண்டு சீரியலைச் சேர்த்து மகாசங்கமம் போடுவார்கள். அந்த மீட்டர் எதுவும் சுங்கை சிப்புட் இருக்கிற நம் பேராக் மாநிலத்தில் இல்லை. நம் அம்மாக்கள் எத்தனை வருடம் பார்த்தாலும் அந்தக் கணக்கில் ஒரு புள்ளிகூட ஏறாது. இதை அம்மாவிடம் சொன்னால் "சரி, அதுக்கு நான் என்ன பண்ணணும்" என்பார், நியாயம்தான்.

இனிதான் விஷயமே இருக்கிறது. சொந்தக்காரர்களைப் பற்றி அம்மாவிடம் நேராகக் கேட்டால் ஒன்றும் வராது. 'பெரியம்மா வீட்டு அக்கா ஏன் புருஷனை விட்டு வந்தாங்க' என்று கேட்டுப் பாருங்கள், 'நமக்கு எதுக்கு அந்தப் பேச்சு' என்று எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார். அதையே சீரியல் மருமகளை வைத்துக் கேட்டால் வேறு ஆள். மறுநாள் சம்பலுக்காகப் பழைய பேப்பரில் நெத்திலியைக் கொட்டித் தலை கிள்ளிக்கொண்டிருப்பார், கண் டிவியில், கை தன்பாட்டுக்கு ஓடும். மருமகள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டும்போது கை நிற்கும். "நல்லா பண்ணா. மூணு மாசம் முன்னாடியே போயிருக்கணும்." போன தீபாவளிக்கு 'பொம்பளைதான் கொஞ்சம் பொறுத்துப் போகணும்' என்று அத்தை சொன்னபோது தலையாட்டியவரும் இவர்தான். எது உண்மையான எண்ணம் என்று குடையாதீர்கள், இரண்டும்தான். சொந்தக்காரர்கள் முன்னால் பேசுவது ஒன்று, நெத்திலி முன்னால் பேசுவது ஒன்று.

அந்த நேரத்தில் 'அப்போ அக்கா செஞ்சதும் சரிதானே' என்று மடக்கினால் எல்லாம் கெட்டுவிடும். கேள்வியைக் கதைக்குள்ளேயே வையுங்கள். அவ அம்மா வீட்டுல சேர்த்துக்குவாங்களா, கையில காசு இருக்கா, பிள்ளைய யார் பார்த்துக்குவா, இப்படி. கொஞ்ச நேரத்தில் பேச்சு தானாகத் தோட்டத்துக்குப் போகும். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், பக்கத்து வீட்டில் ராத்திரி கேட்ட சத்தம், விடியாத இருட்டில், வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்கு நடந்து போகும்போது முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வந்த ஒருத்தர், குடியிருந்த வீடு தோட்டத்துக்குச் சொந்தம் என்பதால் புருஷனை விட்டுப் போனாலும் போக்கிடம் இல்லாமல் திரும்பி வந்தவர். இதெல்லாம் நீங்கள் பிறந்து வளர்ந்த வீட்டில் ஒருநாளும் உங்கள் காதில் விழுந்திருக்காது. அப்போது போனைத் தொடாதீர்கள். டிவி சத்தத்தைக் குறைக்கவும் வேண்டாம், குறைத்தால் பேச்சும் நின்றுவிடும்.

அதற்காக எல்லாவற்றுக்கும் தலையாட்ட வேண்டும் என்றில்லை. புருஷன் அறைந்த பிறகு பெண்டாட்டியே மன்னிப்புக் கேட்கிற காட்சி வந்தால் நான் சத்தமாகவே திட்டுவேன். "கதைதானே" என்பார் அம்மா. கதைதான், ஆனால் அறை வாங்கியவள் மேலேயே குறை தேடுகிற பேச்சைக் கல்யாண வீட்டுப் பந்தியில் எத்தனை தடவை கேட்டிருக்கிறோம்? ஒரு வரியில் சொல்லிவிட்டு விடுங்கள், பிரசங்கம் செய்தால் சேனல் மாறிவிடும்.

அப்பா தனி ரகம். சீரியல் பார்ப்பதே இல்லை என்பார், பேப்பரை விரித்துப் பிடித்திருப்பார், ஒரே பக்கம் அரை மணி நேரம் ஓடும். கண்டுகொள்ளாதீர்கள்.

ஆஸ்ட்ரோவின் வானவில் சேனலிலோ விண்மீன் சேனலிலோ நம் மலேசிய நாடகம் வந்தால் அம்மாவின் கை ரிமோட்டைத் தேடும். "நம்ம ஆளுங்க பேசுறது என்ன தமிழ்" என்று ஒரு இளக்காரம். மாளிகையில் பட்டுப்புடவையும் நகையுமாகத் தூங்கி எழுகிறவர்களை நம்புகிறவர், தாமான் குடியிருப்பு வீட்டில், கடையில் பொங்குஸ் பண்ணி, பொட்டலமாக வந்த மீ கோரெங்கைப் பிரித்துச் சாப்பிடுகிறவரை நம்ப மாட்டார். எனக்கு இதில் கோபம் உண்டு. நம் பேச்சு, நம் வீடு, நம் சாப்பாடு திரையில் வந்தால் மட்டும் மட்டமாகத் தெரிவது ஏன்? ஆனால் கோபத்தால் காரியம் ஆகாது. எங்கே எடுத்தார்கள் என்று இடம் கண்டுபிடிக்கிற விளையாட்டாக ஆரம்பியுங்கள். "இது ஈப்போ லிட்டில் இந்தியா தானே?" என்று வேண்டுமென்றே தப்பாகச் சொல்லுங்கள். உங்களைத் திருத்துவதற்காகவாவது முழுசாகப் பார்ப்பார்.

கோலாலம்பூர் திரும்பிய பிறகும் இதை விட வேண்டாம். மறுநாள் போன் போட்டு 'சாப்டீங்களா'வுக்கு அடுத்த கேள்வியாக, நேற்றைய சீரியலில் அந்தக் கடிதத்தை யார் எடுத்தது என்று கேளுங்கள். காலையிலேயே கேட்டுவிடுவது நல்லது. பத்து மணிக்கு மேல் சித்தி கூப்பிட்டு இரண்டு பேரும் பேசித் தீர்த்திருப்பார்கள், உங்களுக்கு மறுபடி சொல்ல அம்மாவுக்குப் பொறுமை இருக்காது.